அக்காளின் நூல் சவுரி

துருப்பிடித்த மாட்டு லாடங்களை வெல்லத் தண்ணீரில் போட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டி, வெயில் படும் மூலையில் வைத்துவிட்டால், சில நாளில் அதிலிருந்து ஒரு வாடை கிளம்பும். புளித்த கள்ளும் பழைய ஆணியும் ஒன்றையொன்று வைதுகொள்வது போன்ற வாடை. மற்றவர்கள் தங்கள் இளமைக் காலத்தை எழுத உட்கார்ந்தால் மல்லிகை மணக்கிறது, மழை பெய்த மண் மணக்கிறது. எனக்கு வாய்த்தது இந்த "லாடத் தண்ணி"தான். கடுக்காய்ச் சாற்றில் ஊறிய வெள்ளை நூலை இதில் முக்கி எடுத்தால் கருப்பாகும். எங்கள் ராஜபாளையம் வீட்டுப் புறவாசலில், யுத்தம் தொடங்கியிருந்த அந்த வருஷங்களில், என் அம்மா இப்படித்தான் என் அக்காளுக்குக் கூந்தல் செய்துகொண்டிருந்தாள்.

அக்காள் கோமதிக்கு இடுப்பைத் தொடும் முடி இருந்தது. விஷக்காய்ச்சல் ஒன்று வந்து, உயிரை விட்டுவிட்டு முடியை எடுத்துக்கொண்டு போயிற்று. "மூணு மாசத்துல முன்னைவிட அடர்த்தியா வந்துரும்" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். முடிக்கு அது தெரியவில்லை; தோள் வரைக்கும் எலிவால் மாதிரி வந்து அங்கேயே நின்றுவிட்டது. காய்ச்சலில் முடி கொட்டின பெண்ணை, உள்ளே இன்னும் நோய் இருக்கிறது என்று சொல்லி யாரும் எடுக்கமாட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைகளில் அசல் முடியில் கட்டிய சவுரி கிடைக்கும் என்று அப்பா சொன்னதற்கு, "எந்த மகராசி தலையில இருந்து எதுக்கு இறக்கினதோ, அது எம்மக தலையில ஏறணுமாக்கும்" என்று அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். அப்பாவுக்கு மில்லில் வேலை. அங்கே அறுந்த நூலையும் சிக்கு விழுந்த நூலையும் "வேஸ்ட்டு" என்று மலிவாகக் கொடுப்பார்கள். ஆகவே நூல் சவுரி.

நூலை ஜன்னல் கம்பியில் மாட்டி, மறு நுனியை என் கால் பெருவிரலில் சுற்றி, அம்மா சிக்கெடுப்பாள். நான் அசைந்தால் முதுகில் ஒன்று விழும். சாயம் ஏறிக் காய்ந்த பின் கஞ்சியும் விளக்கெண்ணெயும் தடவி, மரச்சீப்பால் வாரி, மூன்று புரியாகப் பிரித்து, தலைப்பில் இறுக்கிக் கட்டினால் சவுரி ஆயிற்று. அது நிஜம் போலத் தெரிகிறதா என்று பார்க்க முதலில் என் தலையில் வைத்துப் பின்னுவார்கள். என் வாழ்க்கையில் நான் அழகாக இருந்ததெல்லாம் அந்தச் சோதனை நேரங்களில் மட்டுமே. "ஏட்டி, கண்ணாடியப் பாத்தது போதும், கழட்டு" என்பாள் அம்மா.

சேத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கனத்த உடம்புக்காரி; பேச்சு அளவாகத்தான் வரும். பிடித்திருந்தால் அவள் தன் கையால் பெண்ணுக்குப் பூ வைக்க வேண்டும், அதுதான் வழக்கம். ஈரம் சொட்டும் பிச்சிச் சரத்தை அக்காளின் பிடரியில் செருகிய கை செத்த நேரம் அங்கேயே நின்றது. அம்மாவுக்கு மூச்சும் நின்றது. பிறகு அந்த அம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு மதினி" என்றாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம்.

கல்யாணம் ஆன பிறகுதான் தெரிந்தது, பொய் சொல்வது சுலபம், அதைத் தலையில் வைத்துக்கொண்டு குடித்தனம் செய்வதுதான் கஷ்டம் என்று. அத்தானுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். ரகசியத்தைக் காப்பாற்றுவதில் கவனிக்காத புருஷனுக்கு மிஞ்சின ஆள் கிடையாது. பெண்களிடம்தான் பயம். மத்தியான வேளைகளில் வீட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒருத்தி தலையில் ஒருத்தி பேன் பார்ப்பார்கள். ஊர் வம்பு முழுவதும் அப்போதுதான் பேசித் தீரும். அக்காள் அதில் உட்காரமாட்டாள். "மில்லுக்காரர் மகளுக்குப் பேனும் வராதாக்கும்" என்று நாத்தனார் கேட்பாள். கர்வக்காரி என்று பெயர் ஆயிற்று. என் அக்காள் கோழியிடம்கூடக் கர்வமாக நடந்தவள் இல்லை.

எண்ணெய் தேய்த்துத் தலை முழுக வேண்டும் என்றால், கரியை எரித்துப் புகை கக்கிக்கொண்டு வரும் பஸ்ஸில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். "சேத்தூர்ல கெணறெல்லாம் வத்திப் போச்சோ" என்று அங்கே கேலி. அக்காளின் மாமியார், எனக்கு அத்தை முறை, அவள் மட்டும், "போயிட்டு வரட்டும். பெத்தவ கை பட்டாத்தான் அவளுக்குச் சூடு தணியும்" என்று அனுப்பி வைப்பாளாம். எத்தனை நல்ல ஏமாளி என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஒவ்வொரு தடவையும் அம்மா புதிதாகச் சாயம் போட்ட சவுரி ஒன்றை வைத்துப் பின்னி அனுப்புவாள். அக்காள் போகும்போது வாசலில் நின்று, "தெரிஞ்சிராதுல்லா?" என்பாள். நலம் விசாரிப்பது போல, விடைபெறுவது போல, எல்லாவற்றுக்கும் சேர்த்து அவளிடம் மிச்சம் இருந்த பேச்சு அது ஒன்றுதான்.

ஓர் ஐப்பசி மழையில் காய்ச்சல் மறுபடியும் வந்தது. தகவல் வந்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அக்காளைக் குளிப்பாட்ட முற்றத்தில் பலகை போட்டார்கள். எங்கள் பக்கத்தில், சாவு வீட்டில் உறவுப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து இறந்தவள் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைப்பார்கள். தலையை அவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். மகளைப் பறிகொடுத்த என் அம்மாவுக்கு அழுவதற்குக்கூட நேரம் வாய்க்கவில்லை. அந்தச் சடையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எந்திரிங்க மதினி, நேரமாவுது" என்று பெண்கள் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றார்கள். அம்மா நகரவில்லை. நாத்தனார் குனிந்து கையை எடுத்துவிடப் போனாள்.

"யாரும் வரவேண்டாம்" என்றாள் அத்தை. "எம்மருமகளுக்குத் தலைக்கு நான் வைக்கேன். சேலையப் பிடிச்சு மறைங்கட்டி. பொறவு வந்து மொகத்தப் பாத்துக்கிடுங்க."

"ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்கில்லா" என்றது ஒரு குரல்.

"வழக்கம் நாளைக்கு என் சாவுக்கு வரும். அன்னைக்கு அம்புட்டுப் பேரும் வைங்க."

சேலை மறைப்புக்குள் அம்மாவும் அத்தையும் இருந்தார்கள். உள்பக்கம் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அத்தை முடிச்சைத் தேடவில்லை. சவுரி எங்கே சேர்கிறதோ அந்த இடத்துக்குக் கை நேராகப் போயிற்று. கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கொஞ்சம் முடியில் எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, தண்ணீர் விட்டு, முந்தானையால் துவட்டினாள். பிறகு சவுரியை வைத்து முன்போலவே பின்னினாள். என் அம்மாவைவிட நன்றாகவே பின்னினாள்.

"மதினி, ஒங்களுக்கு..." என்றாள் அம்மா.

"பூ வைக்க வந்தன்னைக்கே விரல்ல கருப்பு ஒட்டுச்சு. முந்தியில தொடச்சுக்கிட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கப் பிடாதா?"

அத்தை சடையின் நுனியைக் கட்டி முடித்த பிறகுதான் பதில் சொன்னாள். "மறைக்க அவ அம்புட்டுப் பாடுபட்டா. தெரியும்னு சொன்னா கூசிப்போவாளேன்னு இருந்தேன். அவளாச் சொல்லட்டும்னும் இருந்தேன். காய்ச்சல் மண்டைக்கு ஏறிக் கெடக்கையில நெத்திக்கு ஈரத்துணி போடப் போறேன். கண்ணத் தொறக்க ஏலாதவ, ரெண்டு கையாலயும் சடையப் பிடிச்சுக்கிட்டா. அப்பவாவது சொல்லியிருக்கணும் நான்."

அம்மா அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். வெளியே நின்றவர்கள், எண்ணெய் வைத்தாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினார்கள்.

அந்த இரண்டு பெண்களும் இப்போது இல்லை. புறவாசல் பானை எப்போது உடைந்தது என்று எனக்குத் தெரியாது. நூலைக் கருப்பாக்கும் வித்தை எங்கள் வீட்டோடு போனதில் உலகத்துக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. கடைத்தெருவில் நைலான் சவுரியை மாலை மாதிரி வாசலிலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள். போன வாரம் வளையல் வாங்கப் போன இடத்தில், புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் அதில் ஒன்றை எடுத்துத் தன் பின்னலோடு வைத்துப் பார்த்து, "நல்லாருக்கா அத்தே?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். கூட வந்த மாமியார் திரும்பிப் பார்த்து, "இது குட்டையால்லா இருக்கு, செத்த நீளமாப் பாரு" என்று சொல்லிவிட்டு, ஊக்கு விலையை விசாரிக்கப் போய்விட்டாள்.

அவ்வளவுதான் பேச்சு. எங்கள் இரண்டு வீட்டிலும் அதைப் பேச ஒரு ஆள் இல்லாமல் போயிற்று.