இரண்டு கருப்புக்குப் பிறந்த பழுப்பு

எலிப்பொறி செய்து விற்கிறவன் எலி வளர்க்கிறான் என்று கீழமாசி வீதிப் பக்கம் என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். பிடிபட்ட எலி தப்பிவிட்டது என்று பொறியைத் திருப்பிக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே ஆட்டிய ஒரு தானிய மண்டிக்காரரால் வந்த பழக்கம் அது. கம்பிக்கும் கம்பிக்கும் எவ்வளவு இடைவெளி இருந்தால் எலி நுழையும் என்று பார்க்கச் சிலவற்றை உயிரோடு பிடித்து வைத்தேன். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும், அவ்வளவுதான் விஷயம். தெரிந்துகொண்ட பிறகு அவற்றைக் கொல்ல மனம் வரவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டு முற்றத்தில் அவற்றுக்குக் கூண்டு கட்டிக் கொடுத்தேன்.

எலி என்றால் எல்லாருக்கும் ஒரே நிறம்தான். உற்றுப் பார்த்தால் அப்படி இல்லை. மண்டிகளின் கூரையில் ஓடுகிறவற்றில் மைக்கருப்பு உண்டு. அதற்கு வயிறு மட்டும் சிலேட்டு நிறமாக இருக்கும். பழுப்பு முதுகும் சாம்பல் வயிறும் உள்ளவை நிறைய. வைகைக்கரைத் தென்னந்தோப்பில் பிடித்தால் அதே பழுப்பு முதுகுக்கு வயிறு வெள்ளை வெளேரென்று இருக்கும். என்னிடம் இருந்த ஒன்றுக்கு நெஞ்சில் வெள்ளைப் பொட்டு. இன்னொன்றுக்கு வால் நுனி பிறவியிலேயே மடங்கியிருந்தது. வால் எல்லாவற்றுக்கும் உடம்பைவிட நீளம், காது மெல்லியது, வெளிச்சத்தில் நரம்பு தெரியும். யாரிடம் இதையெல்லாம் சொன்னாலும் எலிதானே என்பார்கள். சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இரண்டாம் யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷங்களில் ஒன்று. என் தங்கை முதல் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்தது திருவாதவூரில், கொஞ்சம் நிலபுலம் உள்ள குடும்பம். தங்கை கருப்பு. மாப்பிள்ளை அவளைவிட ஒரு மாற்றுக் கூடுதல் கருப்பு. பிறந்த பெண் குழந்தை நல்ல சிவப்பு. முடி செம்பட்டை, கண் பூனைக்கண். பார்க்க வந்த பெண்கள் எல்லாரும் அழகு என்றார்கள். அதே பெண்கள் வாசலைத் தாண்டியதும் வேறு என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாப்பிள்ளையும் அவருடைய தாயாரும் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். அந்த அம்மாள் குழந்தையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் புரட்டிப் பார்த்தார். மாட்டுத்தாவணியில் கன்று பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள். தங்கள் வம்சத்தில் இந்த நிறம் கிடையாதே என்றார். தன் தாய்மாமனுக்குப் பூனைக்கண் என்று என் அம்மா அவசரமாகச் சொன்னாள். அந்தத் தாய்மாமனைப் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை. மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

மூன்றாம் மாதம் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போவது வழக்கம். வரவில்லை. ஐந்தாம் மாதமும் போயிற்று. மதுரைக்கு நெல் ஏற்றிவரும் திருவாதவூர் வண்டிக்காரர்களிடம் அம்மா சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தாள். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் தங்கை எழுந்து நிற்பாள், பிறகு ஏதோ எடுக்க எழுந்தவள் மாதிரி அடுப்படிக்குப் போய்விடுவாள். கணவன் வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் கோபப்பட்டால் அவள் வாழ்க்கை அல்லவா போகும் என்று அம்மா என் வாயை அடைத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில் எலிகளுக்குத் தேங்காய்ச் சில்லும் கடலையும் போடும் வேலையைத் தங்கை எடுத்துக்கொண்டாள். தனிக் கூண்டு ஒன்றில் ஒரு கருப்பு ஜோடி இருந்தது. பெட்டையைக் கண் திறக்காத குஞ்சாக ஒரு மண்டியில் ஓடு மாற்றும்போது எடுத்து வந்திருந்தேன். வளர்ந்த பிறகு அதனோடு விட்டது அந்தக் கருப்பு ஆண் ஒன்றைத்தான். பெட்டை குட்டி போட்டது. எலிக்குட்டி பிறக்கும்போது எல்லாம் ஒரே ரோஸ் நிறம். மயிர் முளைத்தால்தான் கதை தெரியும். மயிர் முளைத்தது. மூன்று கருப்பு. இரண்டு பழுப்பு, வெள்ளை வயிற்றோடு.

முதலில் பார்த்தது தங்கைதான். கடையில் தகரம் வெட்டிக்கொண்டிருந்த என்னை வந்து கூப்பிட்டாள்.

"அண்ணே, ரெண்டும் கருப்புத்தானே? வேற எதுவும் உள்ள விட்டீங்களா?"

விடவில்லை என்றேன். எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. இரண்டு கருப்புக்குள் பழுப்பு எங்கே ஒளிந்திருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருந்தது, வந்தது. தங்கை கூண்டுக்கு முன்னால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்று அவள் சிரித்ததைப் பார்த்தேன். அவர் வரட்டும், காட்டுகிறேன் என்றாள்.

அந்தக் குட்டிகள் கூண்டுக்குள் ஓடத் தொடங்கியிருந்தபோது மாப்பிள்ளை கூட்டுவண்டியோடு வந்துவிட்டார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கோழி அடித்தாள், பாயாசம் வைத்தாள், ஒரு பக்கம் தங்கையின் பெட்டியையும் கட்டினாள். மாப்பிள்ளை பாயில் உட்கார்ந்து, ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள் என்றும், தான் எல்லாவற்றையும் மறந்துவிட்டதாகவும் சொன்னார். நடந்தது நடந்துவிட்டது, இனி அதைப் பற்றித் தன் வாயால் ஒரு வார்த்தை வராது என்றார். அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் தங்கை அவரை முற்றத்துக்குக் கூப்பிட்டாள். கூண்டைக் காட்டினாள். தாய் கருப்பு, தகப்பன் கருப்பு, வேறு எதுவும் உள்ளே போகவில்லை, பாருங்கள் இரண்டு பழுப்பு என்று நிதானமாகச் சொன்னாள். அவ்வளவு கோர்வையாக அவள் பேசி நான் கேட்டதில்லை. பல நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு சுண்டுவிரலை நீட்டிக் கம்பிகளுக்கு இடையே நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. இன்னொரு இடத்தில் முயன்றார். கூண்டைச் சுற்றி நாலு பக்கமும் முயன்றார். கதவின் கொண்டியை இழுத்து ஆட்டினார். கடைசியில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"ராத்திரியில கதவு தொறந்து கெடந்துச்சா மச்சான்?"

இல்லை என்றேன். நான் செய்த கூண்டு அது. வேறு சமயமாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். என்னமோ, நமக்கெதுக்கு, கிளம்பலாம் என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டார். அவர் முகத்தில் கோபமே இல்லை. பெருந்தன்மைதான் இருந்தது.

தங்கை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். சாப்பிட இலை போடுகிறாள் என்று நினைத்தேன். கட்டி வைத்திருந்த பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். தங்கை அம்மாவிடம் பேசவில்லை, என்னிடம்தான் பேசினாள்.

"நான் தப்பே பண்ணலண்ணே. அவுக மன்னிச்சுக் கூட்டிட்டுப் போறாக. அந்த வீட்டுல நான் எப்படி இருக்க? வண்டிய அனுப்பிருங்க."

நான் வெளியே போய், அவள் வரவில்லை என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை, பிறகு பயங்கரக் கோபம் வந்தது. சாப்பிடாமலே வண்டி ஏறினார். அதற்கப்புறம் அவர் வரவும் இல்லை, இவள் போகவும் இல்லை. அன்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் மூன்று இலை போட்டு, அவருக்காக அடித்த கோழியை எல்லாருக்கும் பரிமாறினேன். அம்மா இலையில் கை வைக்கவில்லை. தங்கை குழம்பு ஊற்றச் சொல்லி இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.