கரியக்கூ தீவில் ஒரு கல் விருந்து

1993 ஏப்ரல் மாதம், வியாழக்கிழமை காலை. லண்டன் கட்விக் விமான நிலையத்தில் மகள் வாசுகி என் கையில் பாஸ்போட்டைத் தந்துவிட்டு அழுகிற மாதிரி நின்றாள்.

"அம்மா, அங்க தமிழ் ஆக்கள் ஒருத்தரும் இல்லை. சைவச் சாப்பாடும் இராது. என்னண்டு சமாளிப்பியள்?"

"மேர்ல் இருக்கிறாதானே," என்றேன்.

மேர்ல் கிங்ஸ்பரியில் எங்கள் பக்கத்து வீடு. கரீபியன் கடலில் கரியக்கூ என்ற சின்னத் தீவில் பிறந்தவர். லண்டனில் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தாய் இறந்து மூன்று வருடம் கழித்து, இப்போதுதான் கல்லறைக்குக் கல் வைக்கப் போகிறார். அவர்கள் வழக்கம் அப்படி. கல் வைப்பதற்கு முதல் நாள்தான் பெரிய விருந்து. என்னையும் கூட வரச் சொன்னார். மருமகன் டிக்கெட் எடுத்துத் தந்தார்.

மேர்லின் தாய் இறந்த அதே வருடத்தில்தான் என் வீட்டுக்காரரும் யாழ்ப்பாணத்தில் காலமானார். சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் லண்டனிலிருந்து என்னால் போக முடியவில்லை. வருடா வருடம் ஆர்ச்வே முருகன் கோயிலில் அவர் பேருக்கு அருச்சனை செய்வோம். ஆனால் வீட்டில் இலை போட்டு, அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கவேண்டும் என்பது என் ஆசை. மருமகன் வீட்டில் இருந்துகொண்டு அதைக் கேட்க எனக்குக் கூச்சம்.

பக்கத்துப் பெரிய தீவான கிரனேடாவில் ஓர் இரவு தங்கி, வெள்ளிக்கிழமை காலை படகு ஏறினோம். ஆளுக்கு அந்த ஊர்க் காசில் இருபது டொலர். வெங்காய மூட்டை, காஸ் சிலிண்டர், ஒரு மெத்தை, ஒரு ஆடு, இவற்றுக்கு நடுவில் நாங்கள். படகு ஆடிய ஆட்டத்தில் நான் "முருகா, முருகா" என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆரைக் கூப்பிட்டாலும் அம்மா, உங்களுக்கு ஆட்டுக்குப் பக்கத்திலைதான் இடம்," என்று படகுக்காரர் சொன்னதாக மேர்ல் எனக்கு விளக்கிச் சிரித்தார்.

தீவு ஏழு மைல் நீளம். ஆறு இல்லை. கூரையில் விழும் மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துக் குடிக்கிறார்கள். வேலியோரம் துவரை காய்ந்து நின்றது. ஊரில் நாங்கள் கறி வைக்கிற ஈரப்பலா மரத்தைக் கண்டதும் எனக்குச் சாப்பாட்டுப் பயம் பாதி போய்விட்டது.

மேர்லின் மாமி சிசிக்கு எண்பது வயதுக்கு மேல். அவர் பேச்சை மேர்ல்தான் எனக்கு விளங்கும் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னார். சனிக்கிழமை அவர் வீட்டு முற்றத்தில் கல் அடுப்புகளில் கிடாரங்கள் கொதித்தன. சும்மா இருக்க எனக்கு வராது. அரிசி கழுவிக் கொடுத்தேன். ஓரத்தில் சின்னச் சட்டியில் சோறு வெந்துகொண்டிருந்தது. ருசி பார்க்கவில்லை, பார்த்துக்கொண்டுதானே நின்றேன், ஒருவரும் அதில் உப்புப் போடவில்லை. மறந்துபோனார்களாக்கும் என்று ஒரு பிடி போட்டேன்.

சிசி ஓடி வந்தார். "ஐயோ! அது செத்த ஆக்களின்ரை சட்டி! அவைக்கு உப்புப் போடுறேல்லை!"

எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது. சிசி சட்டியைக் கவிழ்த்துவிட்டு, என் தோளில் தட்டினார். "பரவாயில்லை. இப்ப நீயே வை. சரி, உன்ரை ஆக்களுக்கு நீ என்ன வைப்பாய்?"

என் வீட்டுக்காரருக்கு ஒரு நாளும் இலை போடாத கதை மேர்லுக்குத் தெரியும். அவர் சொன்னார். சிசி ஒரு பூசணியை எடுத்து வெட்டத் தொடங்கினார்.

பின்நேரம் உள்ளறையில் வெள்ளைத் துணி விரித்த மேசை, மெழுகுதிரி. இறந்தவர்களுக்கு வைத்த தட்டுகளோடு ஒரு தட்டு தனியாக இருந்தது. சோறு, துவரை, பூசணி.

"இது உன்ரை மனுசனுக்கு. இறைச்சி வைக்கேல்லை," என்றார் சிசி.

ஒவ்வொருவராகத் தங்கள் ஆட்களின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் முறை வந்தது. நான் தட்டை நேராக்கி வைத்தேன்.

"பேரைச் சொல்லு. கூப்பிடாட்டி வாசலிலை நிப்பார்," என்றார் சிசி.

"அவரின்ரை பேரை நான் சொல்லுறேல்லை."

"மறந்துபோச்சோ?"

"இல்லை. எங்கடை பொம்பிளையள் சொல்லுறேல்லை. ஒரு நாளும் சொன்னதில்லை."

மேர்ல் இடுப்பில் கை வைத்தார். "அப்ப கடைக்குப் போற மனுசனை என்னண்டு திருப்பிக் கூப்பிட்டனீ?"

"இஞ்சாருங்கோ எண்டு."

"பிறகென்ன? அவருக்குப் பழகின குரல்தானே. அப்பிடியே கூப்பிடு."

இருபது பேருக்கு முன்னால், தமிழில், நான் கூப்பிட்டேன். "இஞ்சாருங்கோ, வாங்கோ. சாப்பாடு ஆறுது."

ஒருவரும் சிரிக்கவில்லை. "வரட்டும், வரட்டும்," என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரம்மும் தண்ணீரும் நிலத்தில் தெளித்து மேர்லின் தாய்க்குக் கல் வைத்தோம். செவ்வாய்க்கிழமை படகேறும்போது சிசி என் பையில் ஒரு பொதி துவரையைத் திணித்துவிட்டார். அந்தச் சனங்களுக்கு நான் யார்? கைகூப்பத்தான் தெரிந்தது.

கட்விக்குக்கு வாசுகியும் மருமகனும் கார் கொண்டு வந்திருந்தார்கள். கார் வெளிக்கிட்டதும், முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "தம்பி, வாற திதிக்கு வீட்டிலை மாமாவுக்கு ஒரு இலை போடலாமோ?"

"இதுக்கேன் மாமி கேக்கிறியள்? அந்தக் கதை எடுத்தால் நீங்கள் அழுவியள் எண்டெல்லோ நாங்கள் வாய் திறக்கேல்லை," என்றார் மருமகன். கொஞ்சத் தூரம் போனபின், "மாமாவுக்கு என்ன கறி விருப்பம்?" என்று கேட்டார்.

கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பில் தொடங்கினேன். கிங்ஸ்பரி வருமட்டும் காரில் நான் ஒருத்திதான் கதைத்துக்கொண்டு வந்தேன்.