அப்பாவைச் சிரிக்க வைத்த ஷாட்

முந்தாநாள் கள்ளக்குறிச்சியில் முடிவெட்டப் போயிருந்தேன். பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போதே கடைக்காரத் தம்பி கத்திரியை நிறுத்திவிட்டு என் தலையைப் பிடித்து டிவி பக்கம் திருப்பினார். "அண்ணே, உங்கப்பா வராரு பாருங்க."

பார்த்தேன். அப்பா செத்துக் கிடந்தார். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு, தலையைச் சுற்றித் தாடைக்குக் கீழே வெள்ளைத் துணிக்கட்டு, கழுத்தில் ரோஜா மாலை. பக்கத்தில் கதாநாயகன் கண்ணீர் வழியக் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தார். "இன்னாமா நடிச்சிருக்காருண்ணே!" என்று சொல்லிக்கொண்டே தம்பி என் பிடரியில் பவுடரைத் தட்டினார். அந்த வாசனை என்னை நேராக ரிஷிவந்தியத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அப்பா முகத்தில் அன்று அப்பியிருந்த மேக்கப் பவுடருக்கும் கிட்டத்தட்ட இதே வாசனைதான்.

பதறாதீர்கள், அது சினிமா. எங்கள் பக்கத்தில் பிறந்து பெரிய ஆளான ஒரு கிளாரினெட் மேதையின் வாழ்க்கையைப் படமாக எடுத்தார்கள். பெயரைச் சொன்னால் உங்களுக்கும் தெரியும். அவர் குடும்பத்துக்கும் படக்காரர்களுக்கும் இன்னும் பேச்சுவார்த்தை சரியில்லாததால் நான் வாயைத் திறப்பதாக இல்லை. சங்கராபுரத்தில் பந்தல் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை 'லோக்கல் மேனேஜர்' ஆக்கினார்கள். பட்டம் பெரிதுதான். வேலை என்னவென்றால், வாழைமரம் கேட்டால் வாழைமரம். ஷாட் நடக்கும்போது தெருநாய் குரைத்தால் ஓடிப்போய்ப் பொறை பிஸ்கட் போடுவது.

மேதை முதல் கச்சேரி முடிந்து ஊர் திரும்புகிறார், வீட்டு வாசலில் அப்பா பிணமாகக் கிடக்கிறார். அழாமல் வாத்தியத்தை எடுத்து வாசிக்கிறார். அதுதான் ரிஷிவந்தியத்தில் எடுத்த காட்சி. அந்த அப்பா உயிரோடு வருகிற காட்சி கதையில் ஒன்றுகூடக் கிடையாது. பிணமாக நடிக்கச் சென்னையிலிருந்து வரவேண்டியவர் வரவில்லை. டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, வேடிக்கை பார்க்க வந்திருந்த என் அப்பா அவர் கண்ணில் பட்டார்.

"படுத்துக்கினு இருந்தா போதும்ன்றாங்கடா," என்றார் அப்பா, வாயெல்லாம் பல்லாக. "அதுக்குத்தான் வூட்ல உங்கம்மா தெனம் திட்டுது."

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்து அவர் திரும்பி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் டைரக்டர் கேட்கும்போது மறுக்க எனக்கு ஏது தைரியம்? அப்பா படுத்தார். மூச்சை அடக்கினார். தெருப் பெண்கள் நிஜமாகவே மூக்கைச் சிந்தினார்கள். காட்சி முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. கேமராவை மூடி வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

அப்பா முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்த மேக்கப்மேன் சட்டென்று நிறுத்தினார். "சிரிக்கிற ஷாட் எடுத்தாச்சா?"

சினிமாவில் அது ஒரு பழக்கமாம். பிணமாக நடித்தவரை அதே கேமரா முன்னால் உட்கார வைத்துச் சிரிக்கச் சொல்லி எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவார்களாம். இல்லாவிட்டால் அவர் உயிருக்கே ஆகாதாம். "நாளைக்கு மலையில அருவியாண்டதான் ஷூட்டிங். மதியம் மெட்ராஸ் கெளம்பிடுவோம். அதுக்குள்ள இட்டாந்துடுப்பா," என்றார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று நண்பர்களிடம் சொல்லித் திரிந்தவன் நான். ஆனால் அன்று அப்பா சாப்பாடு வேண்டாமென்று சுருண்டு படுத்துக்கொண்டார். மழையில் நனைந்த காய்ச்சல். விஷயம் தெரிந்ததும் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "பொணமாட்டம் படுக்க வச்சிட்டு அப்டியே இட்டுக்கினு வந்துட்டியாடா?" விடியும் முன்பே அவளே பைக்கைத் துடைத்து நிறுத்திவிட்டாள்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி மலையேறினோம். அப்பா பின்னால் என் இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பிடி தளர்வதுபோல் இருக்கும்.

"யப்பா?"

"இன்னாடா?"

அடுத்த வளைவு. "யப்பா?"

"உசுரோடதான் கீறேன், ரோட்டப் பாத்து ஓட்டு."

அடிவாரத்தில் சாராயச் சோதனைக்காக நின்ற போலீஸ்காரர் வண்டிப் பெட்டியைக் கிளறிவிட்டு, மலையில் என்ன வேலை என்று அப்பாவிடம் கேட்டிருந்தார். "சிரிக்கப் போறோம் சார்," என்றார் அப்பா. எங்கே அவர் வாயை ஊதச் சொல்லி நேரம் கடத்துவாரோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. நல்லவேளை, கையை ஆட்டி விட்டுவிட்டார்.

அருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது கேமராவைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். நான் ஓடிப்போய்க் கேமராமேன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவர் முகம் சுளித்தாலும் மறுபடி பொருத்தினார். சினிமாக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் நம் எல்லோரையும்விடப் பயம் அதிகம். அப்பாவைப் பாறையில் உட்கார வைத்தார்கள்.

"சிரிங்கய்யா."

வரவில்லை. செத்தவராக அவ்வளவு சுலபமாகப் படுத்திருந்த மனிதர், கேமராவைப் பார்த்ததும் ரேஷன் கார்டு போட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல் விறைத்துவிட்டார். உதட்டை இழுத்தார், அழுவதுபோல் இருந்தது. வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. சிரிக்காமலே திரும்பவேண்டி வந்தால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்?

மேக்கப்மேன்தான் குனிந்து கேட்டார். "அய்யா, நேத்து படுத்துக்கினு இருந்தீங்களே, இன்னா நெனச்சீங்க?"

அப்பா யோசித்தார். "ஒரு ஈ மூக்கு மேல ஒக்காந்துக்கினு நவுர்ல. ஓட்டலாம்னு பாத்தா, நாம செத்துட்டமே! செத்தவனுக்கு வேற எந்தக் கஷ்டமும் இல்ல சார், அந்த ஈ ஒண்ணுதான்." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே பொத்துக்கொண்டு வந்தது. பாறையில் தட்டித் தட்டிச் சிரித்தார். முன்வரிசையில் பல் போன ஓட்டை தெரிய, தோள் குலுங்கச் சிரித்தார். கேமராமேனும் சிரித்துவிட்டார். நான் அழுதேன், யாரும் பார்க்கவில்லை.

அதன்பிறகு அப்பா வருஷக்கணக்கில் நன்றாகவே இருந்தார். போன தை மாதம்தான் தூக்கத்தில் போனார். அந்தச் சிரிப்பு ஷாட்டைத் தரச்சொல்லிப் படக் கம்பெனிக்குப் போன் போட்டேன். படத்தில் சேராததையெல்லாம் ரிலீஸானதும் அழித்துவிட்டார்களாம். எங்கள் வீட்டில் அப்பா சிரித்த போட்டோ ஒன்றுகூட இல்லை. படத்தை மட்டும் பண்டிகைக்குப் பண்டிகை போடுகிறார்கள், அவர் செத்துப்போகிறார்.

காட்சி முடிந்ததும் அம்மா கேட்பாள்: "அப்பறம் சிரிச்சாருல்ல? நீ பாத்தல்ல?" நான் ஈ கதையை முதலிலிருந்து சொல்வேன். அம்மா சிரிப்பாள்.

முடிவெட்டும் கடையில் அன்றைக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். பல் போன அந்த ஓட்டை இடப்பக்கமா, வலப்பக்கமா? டிவியைப் பார்த்தேன், வாயைக் கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்க வாயெடுத்தேன். அவளுக்கும் தெரியவில்லை என்றால்? கேட்காமலே விட்டுவிட்டேன்.