உயரம் போதாது என்று நினைத்தேன்

ரேடியோவைப் பொழுதுபோக்காக இயக்கும் அமெச்சூர்கள் விண்ணில் விட்ட சிறிய செயற்கைக்கோளின் மோர்ஸ் ஒலியைக் கேட்க எனக்கு ஒரே தவிப்பு. மணவாள நகர் வீட்டில், மொட்டை மாடி ஆன்டெனாவிலிருந்து நீண்ட கேபிள் வழியே வரும் சிக்னலைப் பெருக்க, பிரீஆம்ப் என்ற கருவியை ரேடியோவுக்குப் பக்கத்திலேயே பொருத்தினேன். இரைச்சல்தான் பெருகியது. உயரம் போதவில்லை என்று முடிவுகட்டி, சென்ற கோடையில் ஒரு காலை, நீண்ட அலுமினியக் குழாயில் ஆன்டெனாவைக் கட்டி மொட்டை மாடியில் நிமிர்த்தினேன். செயற்கைக்கோள் வரும் நேரம் நெருங்கிவிட்ட பரபரப்பில், குழாய் தெருப்பக்கம் சாய்வதைக் கவனிக்கவில்லை.

துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி சரோஜா அலறினாள்.

"ஐயோ, பின்னால வாங்க! கரண்டு கம்பில படப் போவுது!"

மின்கம்பிக்கும் குழாய் நுனிக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கி, குழாயைத் தரையில் கிடத்தினேன்.

"இன்னாங்க இது பேஜாரு! அந்த சத்தத்த கேக்கலன்னா இன்னா இப்போ?" என்று அழுதாள்.

குழாயிலிருந்து ஆன்டெனாவை அவிழ்க்கும்போதுதான் யோசித்தேன். தலைக்கு மேலே போவதைப் பிடிக்க உயரம் எதற்கு? நீண்ட கேபிளில் வரும்போதே சிக்னல் தேய்ந்துவிட, கீழே இருந்த பிரீஆம்ப் இரைச்சலைத்தான் பெருக்கிக்கொண்டிருந்தது. மறுவாரம் பிரீஆம்பை ஆன்டெனாவின் அடியிலேயே வைத்து, இரண்டையும் குட்டையான மரக்கழியில் கட்டினேன். மோர்ஸ் ஒலி தெளிவாகக் கேட்டது.

இப்போதெல்லாம், கழி சாய்ந்தால் மின்கம்பியை எட்டுமா என்று பார்த்த பிறகே ஆன்டெனாவைத் தொடுகிறேன். சரோஜாவும் வந்து ஒருமுறை பார்த்துவிடுகிறாள்.