தோலுக்கு ஒரு ஸ்கிரீன்

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பா காஞ்சிபுரத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருந்தார். படம் வரைவதும் மை கலப்பதும் என் வேலை, அச்சடிப்பது அவர். எனக்கு இருபத்திரண்டு வயது. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன இரண்டு வீட்டாரும் "பொண்ணு நிறம் கம்மி" என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நெசவாளர் தெருவிலிருந்து ஒரு தறிக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். உற்சவத்தில் சாமி தங்கள் தெருவுக்கு வரும் அன்று தெரு முழுக்கக் கட்டுவதற்கு, தறியில் ஓர் ஆணும் ராட்டையில் ஒரு பெண்ணும் இருப்பதுபோலத் துணியில் படம் வேண்டுமாம்.

"பாத்தா எங்க ஜனம்னு தெரியணும்மா" என்றார் அவர்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன். தோலுக்கான மையை மட்டும் அரை நாள் கலந்தேன். மறுநாள் இருவரும் வந்தபோது, தறிக்காரரின் முன்கையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். வைத்த இடம் தெரியவில்லை. என் கையிலும் தெரியவில்லை. இந்த நிறத்தை ஊரே அண்ணாந்து பார்க்கப்போகிறது என்று மனசுக்குள் குதித்தேன்.

அந்த மையில் அப்பா அடித்துக் காட்டிய மாதிரித் துணியைப் பார்த்ததும் இரண்டு பேர் முகமும் சுருங்கிவிட்டது.

"யாருமா இது? எங்க ஆளுங்க மாதிரியே இல்லியே" என்றார் தறிக்காரர்.

வெள்ளை சேர்த்தேன். "இன்னும் கொஞ்சம்." மறுபடி சேர்த்தேன். "இன்னும்." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு அரக்குக்கும் இன்னொரு அரக்குக்கும் நூல் அளவு வித்தியாசம் சொல்கிற கண்கள் அவை. தன் கை என்ன நிறம் என்று தெரியாமலா போகும்? கடைசியில் அந்த அம்மா மடியிலிருந்து கொஞ்சம் பட்டு நூலை எடுத்து, "இந்தக் கலர் போடு" என்றார். சந்தனக் கலர்.

"நீங்க இந்தக் கலராக்கா? உங்க கையப் பாருங்க!" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அப்பா முறைத்தார்.

அந்த அம்மா கோபப்படவில்லை. "என் கை எனக்குத் தெரியாதாமா? தெனம் பாத்துக்கினுதான இருக்கறேன். சாமி வர்ற அன்னிக்குக் கட்டறது. அன்னிக்காவது நாங்க அழகா இருக்க வேணாமா?"

அவரை உலுக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் வெள்ளையை ஊற்றிக் கலந்தேன். அப்பா அச்சடித்துத் துணியைத் தூக்கிப் பிடித்தார். ராட்டைக்காரி சந்தன நிறத்தில் இருந்தாள். முதல் மாதிரியில் இருந்தவளைவிட இவள்தான் என் கண்ணுக்கும் அழகாகப் பட்டாள்.

"இதுதான் நல்லா இருக்குதுப்பா" என்று நானே சொன்னேன்.