அழுக்காகாத பில்டர்

சமயநல்லூரிலிருந்து மதுரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பன்னீர் சோடா கம்பெனி வேலையை அன்று மதியம்தான் விட்டிருந்தேன். போர் தண்ணீரை வடிகட்டும் பில்டரை வாரம் தவறாமல் கழற்றிக் கழுவுவது அங்கே என் வேலை. எப்போது கழற்றினாலும் அது புதிதுபோல வெள்ளையாகவே இருந்தது. போர் தண்ணீர் வந்து விழும் தொட்டியின் அடியிலோ செம்மண் படிந்து கிடந்தது. அன்று காலை சந்தேகம் வந்து குழாயைத் தடவிக்கொண்டே போனேன். சுவரோரமாக இன்னொரு குழாய், பில்டரைத் தொடாமல், நேராக பாட்டில் நிரப்பும் இடத்துக்குப் போனது.

முதலாளியிடம் கேட்டேன்.

"பில்டர்ல விட்டா எம்புட்டு நேரமாகும் மாப்ள? மண்ணுதான் தொட்டியிலேயே தங்கிருதுல்ல. சோடா பளபளன்னுதான இருக்கு?"

"அப்ப நீங்க ஒண்ணு குடிங்கண்ணே."

"எனக்குச் சளி" என்றார்.

நான் அங்கே தினமும் இரண்டு குடித்துக்கொண்டிருந்தேன். வயிறு ஏன் சரியில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலை மாட்டுத்தாவணிக்குப் பின்னால் ஒரு சர்பத் கம்பெனியில் ஆள் கேட்டார்கள். சம்பளம் பேசுவதற்கு முன்னால் பில்டரைக் காட்டச் சொன்னேன்.

"பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி கேக்குற. கழட்டிப் பாரு" என்றார் கம்பெனிக்கார அக்கா.

கழற்றினேன். உள்ளே பழுப்புச் சேறு அப்பியிருந்தது. பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.