முப்பதாயிரத்து முப்பத்தொன்று

நுவரெலியா அரசாங்கக் கச்சேரியில் பிரஜாவுரிமை விசாரணைக்காகக் காலையிலிருந்து காத்திருந்தேன். என் வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நரைமீசைக்காரர், காதில் செருகிய பென்சிலை எடுத்தெடுத்துத் தன் மனு எண்ணை ஒரு தாளில் வகுத்துக்கொண்டே இருந்தார். 30031.

"ரெண்டு, மூனு, அஞ்சு, ஏழு, பதினொன்னு, பதிமூனு... இதுல எதால வகுத்தாலும் ஒன்னு மிஞ்சுதுங்க."

"மிஞ்சி என்னங்க ஆகப்போகுது?"

"அண்ணன், தம்பி மனுவ எல்லாம் தள்ளிட்டாங்க. நானாச்சும் மிஞ்சணும்ல."

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். வேறு வேலையில்லாமல், அவர் விட்ட இடத்திலிருந்து வகுத்தேன். ஐம்பத்தொன்பதில் மீதியே இல்லாமல் தீர்ந்துவிட்டது.

வெளியே வந்தவர் முகத்தில் அசதி.

"இன்னொரு நாளைக்கு வரச் சொல்றாங்க. மேல வகுத்தீங்களா?"

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"ஒன்னு மிஞ்சுதுங்க," என்றேன்.